வாசலுக்கு வந்த கோழி

சென்னை மூலக்கொத்தளத்தில் நண்பர் வீட்டு மாடிப்படியின் கீழே ஒரு பழுப்புக் கோழி வந்து ஒண்டிக்கொண்டது. யாருடையது என்று தெரியவில்லை. "என்ன ஜாதி, முட்டை விடுமா?" என்று கேட்டார்.

முதலில் காது மடலைப் பாருங்கள். மடல் வெள்ளையென்றால் பெரும்பாலும் வெள்ளை முட்டை, சிவப்பென்றால் பழுப்பு. விதிவிலக்கும் உண்டு. வெள்ளை லெக்ஹார்ன் பெட்டைக்குக் கொண்டை ஒருபக்கம் மடிந்து தொங்கும். ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும், அடைகாக்க மட்டும் உட்காராது. நெட்டைக் கால், சின்னக் கொண்டை என்றால் பெருவிடை நாட்டுக்கோழி. ஆண்டுக்கு 100 முட்டை தேறாது. சிறுவிடை சிறிய உடல்காரி. பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடுவாள். பருந்து நிழல் விழுந்தால் அத்தனை குஞ்சுகளையும் இறக்கைக்குள் இழுத்துக்கொள்வாள். அந்தத் தாய்மைக்கு ஈடே கிடையாது.

முட்டையிடுகிறதா என்று அறிய, பின்புறம் இரண்டு எலும்பு முனைகளைத் தொட்டுப் பாருங்கள். இடையில் இரண்டு விரல் நுழைந்தால் இடுகிற கோழி. நண்பரின் கோழிக்கு ஒரு விரல்கூட நுழையவில்லை. உடலும் சிறியது. ஆக, முட்டைக்கு வராத சிறுவிடை!

சந்தேகமென்றால் மாதவரம் பால்பண்ணையில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஒரு நடை போய்க் கேளுங்கள்.