வலிக்காத காலைக் கவனிப்போம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



சேமிப்பு, கடன் கணக்கெல்லாம் பேசி முடித்துவிட்டோம். இப்போது கொஞ்ச நேரம் நம்ம காலைப் பற்றிப் பேசுவோம்.

போன மாதம் நம்ம குழு அக்கா ஒருவர் களை எடுக்கப் போனார். காலில் முள் ஏறியது அவருக்குத் தெரியவே இல்லை. சாயங்காலம் திண்ணையில் ரத்தக் கறையைப் பார்த்துப் பேத்திதான் சொன்னாள். அக்காவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை நோய். "வலிக்கவே இல்லையே, எதுக்கும்மா ஆஸ்பத்திரி?" என்றார். வலிக்காததுதான் ஆபத்து என்று சொல்லி மறுநாளே கூட்டிப் போனோம். இப்போது புண் ஆறி வருகிறது.

பாதத்தில் ஒரே இடத்தில் பாரம் விழுந்தால் வலிக்கும். உடனே நாம் காலை மாற்றி ஊன்றுவோம். சர்க்கரை நாள்பட்டால் நரம்பு மரத்துப் போகலாம். அப்போது வலி தெரியாமல் அதே இடத்தையே மிதிப்போம். தோல் காய்த்து, உள்ளே புண்ணாகி, கடைசியில் விரலையோ காலையோ எடுக்கும் நிலைகூட வரும்.

டாக்டர் பால் பிராண்ட் என்பவர் 1914-ல் நம்ம கொல்லிமலையில் பிறந்தவர். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தார். வலி தெரியாமல் படுகிற காயம்தான் அவர்களுடைய விரல்களைக் கெடுக்கிறது என்று எடுத்துக் காட்டினார். 1966-ல் அமெரிக்கா போன பிறகு, பாதத்தில் அழுத்தம் அதிகமான இடத்தைச் சாயத்தால் காட்டும் காலுறையைச் செய்து பார்த்தார்.

இன்று அந்த வேலையைச் செய்ய, செருப்புக்குள் வைக்கும் சென்சார் அட்டை வந்திருக்கிறது. குதிகால், முன்பாதம், கட்டைவிரல் படும் இடங்களில் சின்னச் சின்ன சென்சார் இருக்கும். நிற்கும்போதும் நடக்கும்போதும் எங்கே எவ்வளவு பாரம் விழுகிறது, எந்தப் பக்கம் சாய்கிறோம் என்பதெல்லாம் கம்ப்யூட்டரில் தெரியும். அதைப் பார்த்து டாக்டர்கள் செருப்பைத் திருத்தச் சொல்வார்கள். சில வகை, அழுத்தம் கூடினால் எச்சரிக்கையும் செய்யும்.

அது நம்ம ஊருக்கு வருகிறவரை சும்மா இருக்க வேண்டாம். நம்ம கண் இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்கள் செய்ய வேண்டியது:

- தினமும் ராத்திரி கால் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, அடிப்பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.
- வீட்டுக்குள்ளேயும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். செருப்பைத் தட்டிப் பார்த்துப் போடுங்கள்.
- காய்ப்பைப் பிளேடால் சீவாதீர்கள்.
- வருடம் ஒரு முறையாவது ஆஸ்பத்திரியில் காலின் உணர்ச்சியைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் தொட்டுப் பார்ப்பார்கள், வலிக்காது.
- மரத்துப் போயிருந்தால் மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு பற்றிக் கேளுங்கள்.

இனி மாதத்தின் முதல் குழுக் கூட்டத்தில், சர்க்கரை உள்ள உறுப்பினர்களின் காலை ஒருவருக்கொருவர் பார்த்து, தீர்மான நோட்டில் எழுதி வைப்போமா? கூச்சம் வேண்டாம் அக்கா, நம்ம கால்தானே!