நண்பரோடு ஓர் இரவுச் சாப்பாடு

கடும் நோயில் இருக்கும் நண்பரைச் சாப்பிட வெளியே அழைத்துப் போகிறீர்களா? கோல சிலாங்கூர் என்றதும் பாசிர் பெனாம்பாங் ஆற்றோரக் கடலுணவுக் கடைகள்தான் நினைவுக்கு வரும். ஆனால் ருசிக்கு முன்னால் அவர் உடம்பைப் பாருங்கள்.

புற்றுநோய்க்குக் கீமோ சிகிச்சை பெறுபவருக்கு நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். வெந்நீரில் லேசாக முக்கியெடுத்த கெராங் சிப்பி, அரைவேக்காட்டு முட்டை இரண்டும் ஆகாது. மீன் பொரிக்கும் வாடையே சிலருக்குக் குமட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு உப்பும் சோயா சாஸும் குறைய வேண்டும். நட்சத்திரப் பழச் சாறு கூடவே கூடாது. அதிலுள்ள நச்சு மூளையைத் தாக்கும்.

சனி, ஞாயிறுகளில் கம்போங் குவாந்தான் மின்மினிகளைப் பார்க்க வருவோரால் கூட்டம் கூடும். வார நாளில், இருட்டுமுன்பே போங்கள். படியேற வேண்டாத, கழிப்பறை பக்கத்திலேயே உள்ள கடை நல்லது. பெஸ்தாரி ஜெயாவில் தெரிந்த கடையில் சூடான ரசம் சோறு போதும் என்று அவர் சொன்னால் அங்கேயே போங்கள். மிச்சம் வைத்தால் வற்புறுத்தாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அவரையே கேளுங்கள். கடையை அவர் தேர்ந்தெடுக்கட்டும். பில்லை நீங்கள் கட்டுங்கள்.