வாரம் ஒரு மணித்தியாலமா, தொடர்ந்து ஐந்து நாளா?

(நூற்றாண்டு நிகழ்வுகளையொட்டி மொனராகலையில் நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டுக் கூட்டம் என்றால் பழைய ஞாபகங்களைப் பேச வேண்டும். அதை என்னைவிடச் சுவையாகப் பேசக்கூடியவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் உளவளத்துணையாளராக வேலை செய்வதனால், "மனநலம் பற்றி ஏதாவது சொல்லுங்கள்" என்று செயலாளர் அக்கா கேட்டார். அந்த 'ஏதாவது' என்பதற்குள் ஒரே ஒரு விடயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெரிய அதிர்ச்சிக்கு ஆளான ஒருவருக்குச் சிகிச்சை கொடுக்கும்போது, "வாரம் ஒரு தடவை வாங்க, ஒரு மணித்தியாலம் கதைப்போம்" என்பதுதான் வழியா? இல்லாவிட்டால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மணித்தியாலமாக, ஐந்தாறு நாள் தொடர்ந்து இருந்து முடித்துவிடலாமா? கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் ஊவாவின் தோட்டங்களில் ஒரு பெண் சிகிச்சையை முடிப்பாளா, இரண்டாம் வாரத்தோடு நின்றுவிடுவாளா என்பது இதில்தான் தங்கியிருக்கிறது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. உங்களில் பலர் அதை லண்டனிலோ டொரொன்டோவிலோ இருந்துகொண்டு தொலைக்காட்சியில் பார்த்து அழுதிருப்பீர்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம். திரும்பி ஓடி வந்தவர்களுக்கு வீடு இருந்த இடமே அடையாளம் தெரியவில்லை. பலருடைய உடல் கடைசிவரை கிடைக்கவே இல்லை. தப்பியவர்கள் நீண்ட காலம் மாகல்தெனியவில் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்துக்குள் குடியிருந்தார்கள். 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மறுபடியும் மண்சரிவு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டம் பட்ட பாட்டை நான் இங்கே சொல்லத் தேவையில்லை. இவை செய்தியில் வந்தவை. செய்தியில் வராதவை, வீட்டுக்குள்ளே நடப்பவை, இன்னும் எத்தனையோ.

இப்படியொரு நாளைக் கடந்த எல்லோரும் நோயாளிகள் ஆவதில்லை. பெரும்பாலானவர்கள் சொந்தபந்தம், வேலை, கோயில், அக்கம்பக்கம் என்று மெல்ல மெல்லத் தேறிவிடுகிறார்கள். சிலர் தேறுவதில்லை. இரவில் தகரத்தில் மழை விழத் தொடங்கினால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஈரமண் வாசனை வந்தால் கைகால் நடுங்கும். அந்த இடத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார்கள். பிள்ளை என்றால் "பயந்த கோளாறு" என்று மந்திரித்துக் கயிறு கட்டுவோம். வைத்தியர்கள் இதை 'நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்' என்பார்கள். மனவடு என்ற சொல்லை யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற உளமருத்துவர்கள் போர்க்காலத்தில் நமக்குப் பழக்கிவிட்டார்கள். நல்ல சொல். பார்க்கிறவருக்குக் காயம் ஆறினதுபோலத் தெரியும். தொட்டுப் பார்த்தால்தான் தெரியும் ஆறவில்லை என்று.

ஏன் ஆறுவதில்லை? ஜெர்மனியின் கொன்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மாகி ஷவர், ஃபிராங்க் நொய்னர், தோமஸ் எல்பர்ட் என்ற ஆய்வாளர்கள் இதை இரண்டு வகை நினைவு என்று விளக்குகிறார்கள். ஒன்று ஆறிய நினைவு: எந்த நாள், எந்த இடம், முதலில் என்ன, பிறகு என்ன என்ற கதை. மற்றது சூடான நினைவு: சத்தம், மணம், நெஞ்சுப் படபடப்பு. சாதாரண அனுபவத்தில் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். பேரதிர்ச்சியில் சூடானது மட்டும் தனியாகக் கழன்று நிற்கும். அதற்குத் திகதியும் இல்லை, இடமும் இல்லை. அதனால்தான் பத்து வருடத்துக்குப் பிறகும் தகரத்தில் விழும் மழை, 'இப்போதே மலை வருகிறது' என்று உடம்புக்குச் சொல்கிறது. சிகிச்சை என்பது அந்தச் சூட்டுக்குத் திகதியும் இடமும் கொடுத்து, அதைக் கதைக்குள் கொண்டுபோய் வைப்பது. அதற்கு அந்த நாளை நிதானமாக, நிமிடம் நிமிடமாக, பக்கத்தில் ஒருவர் இருக்கச் சொல்லி முடிக்க வேண்டும். பயம் ஏறும். ஏறிய பயம் இறங்கும்வரை இருக்க வேண்டும். ஏறின நேரத்தில் "சரி, நேரமாயிற்று, அடுத்த கிழமை பார்ப்போம்" என்று எழுந்துவிடக் கூடாது. அந்த முறையில் ஓர் அமர்வு ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் நீளுவது இதனால்தான்.

இப்போது, இங்கே மொனராகலைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் ஒரு பெண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், அப்படிப் பலர் இருக்கிறார்கள். விடியுமுன் மலைக்குப் போக வேண்டும். கிளினிக்குக்குப் போகும் நாளில் பேர் விழாது. 1,350 ரூபாய் நாட்சம்பளம் என்று 2024 செப்டெம்பரில் வர்த்தமானி வந்தது. அதற்குப் பிறகும் கூடியிருக்கிறது. கூடக் கூட, ஒரு நாள் இழப்பும் கூடுகிறது. பஸ் காசு வேறு. சின்னப் பிள்ளையை யாரிடமாவது விட வேண்டும். ஆஸ்பத்திரியில் வரிசை. கடைசியில் கிடைப்பது அரை மணித்தியாலம். அதில் முதல் பத்து நிமிடம் "போன கிழமை என்ன கதைத்தோம்" என்று ஞாபகப்படுத்துவதற்கு. கடைசிப் பத்து நிமிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போகத் தயாராவதற்கு. நடுவில் மிஞ்சுவதில் என்ன செய்ய முடியும்? பிறகு ஏழு நாள் இடைவெளி. அந்த ஏழு நாளில் லயத்தில் புருஷன் குடித்துவிட்டு வருவான், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், மழை வரும். பயம் பழைய இடத்துக்கே போய்விடும். மூன்றாம் கிழமை அவள் வரமாட்டாள். கிளினிக் கொப்பியில் 'ஒத்துழைப்பில்லை' என்று ஒரு வரி விழும். அந்த வரியை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். ஒத்துழைக்காதது அவளா, எங்கள் நாட்காட்டியா?

இந்த வாரம் ஒரு மணித்தியாலம் என்பது எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். பேச்சுச் சிகிச்சையின் தகப்பன் என்று சொல்லப்படும் சிக்மண்ட் பிராய்ட் தன் நோயாளிகளை ஞாயிறும் பொது விடுமுறையும் தவிர நாள்தோறும் பார்த்தவர். வார ஒழுங்கு பின்னால் வந்தது. சிகிச்சை தருபவரின் வசதிக்கும் நிறுவனங்களின் கணக்குக்கும் அது பொருந்தியது. மருந்தளவுபோல யாரும் சோதித்துத் தீர்மானித்த ஒன்றல்ல.

சோதித்துப் பார்த்தபோது என்ன தெரிந்தது? இங்கிலாந்தில் பேராசிரியர் ஆங்கே ஏலர்ஸ் தலைமையில் நடந்த ஆய்வு 2014இல் வெளியானது. மனவடு நோயுள்ள 121 பேரைக் குலுக்கல் முறையில் நான்கு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கம்போல வாரந்தோறும் மூன்று மாதம். இன்னொரு பிரிவுக்கு அதே சிகிச்சையை ஏழு நாளுக்குள், மொத்தம் 18 மணித்தியாலம்வரை. மூன்றாவது பிரிவுக்கு ஆறுதலாகக் கேட்கும் பேச்சு மட்டும். நான்காவது காத்திருப்போர். குணமானவர்கள்: வாராந்தப் பிரிவில் 77 வீதம், ஏழு நாள் பிரிவில் 73 வீதம், ஆறுதல் பேச்சில் 43 வீதம், காத்திருந்தோரில் 7 வீதம். முதல் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஏழு நாள் பிரிவினர் சீக்கிரம் தேறினார்கள். அமெரிக்காவில் படையினரிடையே செய்து 2018இல் வெளியான ஆய்வொன்றும் பத்து அமர்வை இரண்டு வாரத்தில் முடிப்பது எட்டு வாரத்துக்குப் பரப்புவதைவிடக் குறைந்ததல்ல என்றே காட்டியது. இந்த முறைகளில் இன்னொன்றும் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது: இடையில் விட்டுப்போகிறவர்கள் குறைவு. எங்கள் பால் வெட்டும் பெண்ணுக்கு இதுதான் முக்கியம்.

"அதெல்லாம் வெள்ளைக்காரர் ஊர்க் கதை" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. சரி, நம் நாட்டுக்கு வருவோம். 2004 சுனாமி முடிந்த சில வாரங்களில் வடகிழக்கில் ஒரு முகாமில், போரையும் சுனாமியையும் ஒருசேரக் கண்ட 31 தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆறே ஆறு அமர்வில் சிகிச்சை கொடுத்தார்கள். நான் சொன்ன கொன்ஸ்டன்ஸ் குழுவின் முறைதான். கொடுத்தவர்கள் வெளிநாட்டு நிபுணர்கள் அல்லர். பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளர்கள். ஒரு பிரிவுப் பிள்ளைகள் தங்கள் கதையைச் சொன்னார்கள். மற்றப் பிரிவு தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது கதை சொன்னவர்களில் 81 வீதமும் தியானப் பிரிவில் 71 வீதமும் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். 2009இல் வெளியான இந்த ஆய்வின் ஆசிரியர்களில் மகேந்திரன் கோகிலாதேவி என்ற தமிழ்ப் பெண்ணும் ஒருவர். நியாயமாகச் சொல்ல வேண்டும்: சிகிச்சையே பெறாத பிள்ளைகளின் பிரிவு அதில் இல்லை. ஆகவே காலமே எவ்வளவு ஆற்றியது என்று பிரித்தறிய முடியாது. சிறிய ஆய்வு. என்றாலும் ஒரு கொட்டிலுக்குள், தமிழில், நம்மவர்களால் செய்ய முடிந்தது.

அந்த முறையில் எனக்குப் பிடித்த பகுதியைச் சொல்லாமல் விட மனமில்லை. முதல் அமர்வில் தரையில் ஒரு கயிற்றை நீட்டிப் போடுவார்கள். ஒரு முனை பிறப்பு. மறுமுனை சுருண்டு கிடக்கும். அது இன்னும் வராத காலம். வாழ்க்கையில் நல்லது நடந்த இடத்தில் பூ வைக்க வேண்டும். கெட்டது நடந்த இடத்தில் கல். எங்களூரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. எழுத வாசிக்கத் தெரியாத பாட்டியும் இதைச் செய்வார். கல்லை மட்டும் வைக்க வந்தவர், "பொறு, இங்கே ஒரு பூ இருக்கிறதே" என்று நின்று யோசிப்பார்: பெரிய பிள்ளையானது, அக்கா வாங்கித் தந்த கண்ணாடி வளையல், முதல் பேர் விழுந்த நாள். அடுத்த அமர்வுகளில் ஒவ்வொரு கல்லாக எடுத்து முழுவதும் சொல்ல வேண்டும். கேட்பவர் எழுதிக்கொள்வார். மறுமுறை அதை வாசித்துக் காட்டித் திருத்துவார்கள். கடைசி நாளில் முழுக்கதையும் வாசிக்கப்பட்டு, அந்தத் தாள்கள் அவர் கையில் கொடுக்கப்படும்.

நம் சனத்துக்குத் தொடர்ச்சியாக உட்கார்ந்து துக்கத்தைத் தீர்ப்பது புதிதுமில்லை. செத்த வீட்டில் விடிய விடிய ஒப்பாரி வைத்தவர்கள் நாங்கள். கருமாதிவரை நாள் எண்ணி உறவு வந்துபோகும். ஆனால் உடலே கிடைக்காதபோது அந்தச் சடங்கு எங்கிருந்து தொடங்குவது? மீரியபெத்தையில் பல குடும்பங்கள் அங்கேதான் தடுமாறி நின்றன.

ஒரு எச்சரிக்கை. அனர்த்தம் நடந்த மறுநாளே போய், "என்ன பார்த்தாய், சொல்லு" என்று ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்ட வைப்பதை நான் சொல்லவில்லை. அப்படிச் செய்வது பின்னால் நோய் வராமல் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம் என்பது பல ஆய்வுகளில் தெரிந்த விடயம். அந்த நாட்களில் தேவை தண்ணீர், பாய், சொந்தக்காரரைத் தேடிக் கொடுப்பது, பக்கத்தில் இருப்பது. நான் பேசும் சிகிச்சை, வாரங்கள் மாதங்கள் போயும் தேறாதவர்களுக்கு. அவர்களிலும் எல்லோருக்கும் பொருந்தாது. தற்கொலை எண்ணம் வலுவாக உள்ளவர், புத்தி தடுமாறிய நிலையில் இருப்பவர், இன்றைக்கும் வீட்டில் அடி வாங்கிக்கொண்டிருப்பவர் ஆகியோருக்கு வைத்தியரும் பாதுகாப்பும் முதலில். அவசரத்துக்கு 1926 என்ற தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலுள்ள அக்காமாருக்கும் ஒரு சொல்: அங்கே 'செறிவுச் சிகிச்சை' என்று விலையுயர்ந்த ஓய்வு விடுதிகள் விளம்பரம் செய்கின்றன. சிகிச்சை தருபவர் எந்த முறையில், யாரிடம் பயின்றவர் என்று கேட்காமல் காசு கட்டாதீர்கள்.

இனி நான் கேட்க வந்தது. நூற்றாண்டு நிதியில் நினைவுத் தூண் கட்டுவதா, வாயில் வளைவு கட்டுவதா என்று பேசுகிறார்கள். எதையாவது கட்டுங்கள். அதில் ஒரு சிறு பங்கை ஓகஸ்ட் விடுமுறைக்கு ஒதுக்குங்கள். பள்ளிக்கூடம் அப்போது காலியாக இருக்கும். கதவு சாத்தக்கூடிய இரண்டு வகுப்பறை போதும். ஒரு தடவைக்கு நாலு பெண்கள், காலையில் இரண்டு பேர், பின்னேரம் இரண்டு பேர், ஐந்தாறு நாள். அவர்களுக்கு அந்த நாட்களின் சம்பளம், பஸ் காசு, மத்தியானச் சாப்பாடு. பிள்ளைகளை அடுத்த அறையில் பார்த்துக்கொள்ள இரண்டு பேர். கதை கேட்பவர்கள் நம் சங்கத்திலிருந்தே வரலாம். ஓய்வுபெற்ற டீச்சர்மார் இத்தனை பேர் இருக்கிறீர்கள். ஆனால் அது ஒரு நாள் கருத்தரங்கில் வரும் பயிற்சி இல்லை. பல வாரம் படிக்க வேண்டும், அனுபவமுள்ள ஒருவர் மேலே இருந்து ஒவ்வொரு கதையையும் கவனிக்க வேண்டும், யார் பொருத்தமானவர் என்று ஆஸ்பத்திரி உளமருத்துவர் பார்த்து அனுப்ப வேண்டும். அவள் சொன்னதை லயத்தில் யாரிடமும் சொல்லாத வாயும் வேண்டும். கடைசி நிபந்தனையில் சிலர் கழன்றுவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். சிரிக்காதீர்கள்.

பயிற்சிக்கு வர விருப்பமானவர்கள் தேநீர் இடைவேளையில் கொப்பியில் பெயர் எழுதுங்கள். அதற்கு நேரமில்லாதவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்தில் எழுதுங்கள். அரை நாள் வந்தாலும் சரி.