புகல் நாடியோர் வழக்கு



அகதி என்னும் சொல்லுக்குக் கதியற்றவர் என்பது பொருள். ஏதிலியர் என்று தமிழாக்கிக் கூறுவாரும் உளர். பழைய நூல்களில் ஏதிலார் என்பது அயலாரைக் குறிக்கும். உறவென்று நம்பி வந்தோரை அயலார் என அழைப்பது எனக்கு உவப்பாயில்லை. 2021 ஆம் ஆண்டில் தமிழக அரசு அம்முகாம்களுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாற்றியது நல்ல செயலே. ஆயினும் இன்று நான் கூற வந்தது பெயரைப் பற்றியதன்று. புகல் கேட்டவருக்கு ஓர் அரசு ‘இல்லை’ என்று விடையளித்துவிட்டால் அவர் எங்கே சென்று முறையிடுவது?

1951 ஜூலை 28 அன்று ஜெனீவாவில் உருவான உடன்படிக்கை அகதி யார் என்பதை வரையறுக்கிறது. இனம், மதம், நாட்டினம், சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகியவற்றுள் ஒன்றின் பொருட்டுத் துன்புறுத்தப்படுவோம் என்று தக்க காரணத்தோடு அஞ்சி, தாய்நாட்டுக்கு வெளியே நிற்பவரே அகதி. இதில் இரண்டு சொற்களைக் கவனியுங்கள். அச்சம் உள்ளத்தில் இருப்பது. காரணமோ வெளியே இருப்பது. இவ்விரண்டில் எதை அளந்து தீர்ப்புரைப்பது?

இவ்வினாவை உலகறியச் செய்தவர்கள் தமிழர்களே. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கைத் தமிழர் பல நாடுகளுக்கும் சிதறினர். 1987 இல் இங்கிலாந்து சென்று புகல் வேண்டிய இளைஞர் அறுவரின் விண்ணப்பங்களை அந்நாட்டு உள்துறை அமைச்சர் மறுத்தார். சட்ட நூல்களில் இது சிவகுமாரன் வழக்கு எனப் பெயர்பெற்றது. இலங்கையில் நடப்பது தீவிரவாதிகளை நோக்கிய படை நடவடிக்கையே. தமிழர் என்பதற்காக எல்லாரும் துன்புறுத்தப்படவில்லை என்பது அமைச்சரின் வாதம். மேல்முறையீட்டு மன்றம், ஓரளவு துணிவுள்ள மனிதர் ஒருவர் அந்நிலையில் அஞ்சுவாராயின் அதுவே போதும் என்றது. பிரபுக்கள் சபையோ 1987 டிசம்பர் 16 அன்று அதனை மாற்றியது. மனத்தில் அச்சமிருந்தால் மட்டும் போதாது; துன்பம் நேரக்கூடும் என்பதற்கு நியாயமான அளவு வாய்ப்பு உண்மையில் இருத்தல் வேண்டும் என்பது கீத் பிரபுவின் தீர்ப்பு.

எங்கள் காஞ்சிபுரத்தில் பட்டுச் சரிகையின் மீது ஐயம் எழுந்தால், அதனைச் சோதனைச் சாலைக்கு அனுப்பி வெள்ளி எத்தனை விழுக்காடு என்று அறிந்துவிடலாம். வாங்குபவரின் ஐயமும் விற்பவரின் சத்தியமும் அங்கே செல்லா. பிரபுக்கள் விரும்பியது அத்தகைய சோதனையையே. ஆனால் சரிகை கையில் இருக்கிறது. துன்பமோ இனி வரவேண்டியது. வீட்டைவிட்டு ஓடிவந்தவன் அதற்குச் சான்றுச் சீட்டு வாங்கி வருவானா? முழு உறுதி வேண்டாம், நியாயமான வாய்ப்பிருந்தால் போதும் என்று அளவைத் தாழ்த்தியது இதனால்தான். அவ்வகையில் தீர்ப்பு முற்றிலும் கடுமையானது என்று கூற நான் துணியேன்.

கடுமை வேறிடத்தில் இருந்தது. அறுவருள் ஐவர் 1988 பிப்ரவரியில் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். உண்மைநிலையை ஆராய்ந்து தீர்ப்பளிக்கும் நடுவர் ஒருவர் இருந்தார். எனினும் நாட்டைவிட்டு வெளியேறிய பின்னரே அவரிடம் முறையிடச் சட்டம் இடங்கொடுத்தது! மாணவன் ஒருவனைப் பள்ளியை விட்டு நீக்கி, ‘ஊர் போய்ச் சேர்ந்தபின் உன் நியாயத்தை எழுதி அனுப்பு’ என்று கூறுவதை ஒக்கும் இது. இங்கோ போய்ச்சேர வேண்டிய ஊரே அஞ்சிய ஊர். ஐவரும் அங்கிருந்தே முறையிட்டனர். அவர்களுள் சிலர் அங்கே உண்மையாகவே துன்புறுத்தலுக்கு ஆளாயினர். 1989 மார்ச்சில் நடுவர், புகல் மறுத்தது தவறு. இவர்கள் அகதிகளே என்று தீர்ப்பளித்தார். அவ்வாண்டிலேயே இங்கிலாந்து திரும்ப அவர்களுக்கு வழி பிறந்தது.

கதை இத்துடன் முடியவில்லை. ஸ்ட்ராஸ்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்கும் அவர்கள் சென்றனர். 1991 அக்டோபர் 30 அன்று எட்டு நீதிபதிகள் எதிராகவும் ஒருவர் சார்பாகவும் முடிவு கூற, அவர்கள் தோற்றனர். அனுப்பிய வேளையில் அரசுக்குத் தெரிந்தவற்றைக் கொண்டு பார்த்தால் மெய்யான ஆபத்து நிலைநாட்டப்படவில்லை என்பது பெரும்பான்மையோர் கருத்து. நடுவரிடம் வென்று, நீதிமன்றத்தில் தோற்ற இவ்வழக்கைச் சட்ட மாணவர்கள் இன்றும் விவாதிக்கின்றனர். 1993 இல் இங்கிலாந்து சட்டத்தைத் திருத்தி, புகல் மறுக்கப்பட்டோர் நாட்டிலிருந்தபடியே முறையிட உரிமை அளித்தது.

கனடா இதற்கு முன்பே விழித்துக்கொண்டது. புகல் கேட்டவரை அதிகாரி வினவுவார். எழுதிய தாள்கள் வேறொரு குழுவுக்குச் செல்லும். முடிவு செய்வோர் அவர் முகத்தையே பாரார். பெரும்பாலும் சீக்கியர்களாகிய சிலர் தொடுத்த சிங் வழக்கில், 1985 ஏப்ரல் 4 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஒருவரின் சொல்லை நம்புவதா என்பதே வினாவாக இருக்கையில் அவரை நேரில் கேட்டே ஆகவேண்டும் என்றது. அந்நாள் அங்கே அகதிகள் உரிமை நாளாகக் கொண்டாடப்படுகிறது.

நம் நாடு ஜெனீவா உடன்படிக்கையில் கையொப்பமிடவில்லை. ஆகவே அங்குள்ளது போன்ற முறையீட்டு மன்றமும் இங்கில்லை. மண்டபம் கரையில் வந்திறங்கியோரை வரவேற்றது அரசின் பரிவேயன்றி அகதிச் சட்டமன்று. ஆயினும் அருணாசலப் பிரதேசத்துச் சக்மா மக்களை விரட்ட முயன்றபோது, அரசியலமைப்பின் 21 ஆம் பிரிவு குடிமக்களுக்கு மட்டுமன்றி இந்நாட்டிலுள்ள ஒவ்வொருவரின் உயிருக்கும் காப்பு என்று 1996 இல் நம் உச்ச நீதிமன்றம் கூறிற்று. அத்தீர்ப்பு அவ்வளவு நீண்டதன்று. கல்லூரி மாணவர்கள் ஒரு மாலைப் பொழுதில் படித்துவிடலாம்.