தொடாதே என்ற சொல்லுக்குப் பொருள்

ஒரு சொல்லைத் திருத்தினால் வேறோர் அடியில் தளை தட்டுவதைக் கவிஞர் அறிவர். கணிப்பொறியிலும் அது நேர்வதுண்டு.

2011-இல் வெளிவந்த லினக்ஸ் கருநிரலின் 2.6.38-ஆம் பதிப்பில், சில மடிக்கணினிகள் முன்னினும் மிகுதியாக மின்சாரம் உண்டன. எதுவும் நின்றுவிடவில்லை, பிழைச்செய்தியும் எழவில்லை, மின்னளவி மட்டுமே மெய் கூறிற்று.

ஆயிரக்கணக்கான திருத்தங்களுள் குற்றமுடையதைக் காண்பது எங்ஙனம்? நடுவிலுள்ள ஒன்றைச் சோதிப்பர். குறை எப்பாதியில் எனத் தெளிந்து, அப்பாதியை மீண்டும் பகுப்பர். 1024 திருத்தங்களுக்குப் பத்துச் சோதனைகள் போதும்.

அகப்பட்டது நன்னோக்குடைய வரியே. கருவிகளை இணைக்கும் தடங்களின் மின்சிக்கனத்தைத் 'தொடாதே' என்றது பயாஸ். 'அணைத்துவிடு' என உரைகொண்டது கருநிரல். பயாஸ் இயக்கிவைத்திருந்த சிக்கனமும் அதனால் அழிந்தது. 2012-இல் வந்த 3.3-ஆம் பதிப்பு, இருந்ததை இருந்தபடியே விட்டது, குறை தீர்ந்தது.

பிழை எழுத்தில் இல்லை, உரையில் இருந்தது. மூலத்தைத் திருத்துவோர் அதனை முதலில் சரியாகப் படித்தல் வேண்டும்.