சம்மதம் யாருடையது?



பள்ளியில் பாலியல் கல்வி, எய்ட்ஸ் விழிப்புணர்வு என்றதும் "பெற்றோர் சம்மதம் வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். நியாயமாகத்தான் தெரியும். ஆனால் நம் சமூகத்தில் பெற்றோரின் கையெழுத்தோடு சாதியும் சேர்ந்தே கையெழுத்துப் போடுகிறது. சாதியைக் கட்டிக்காப்பது அகமணமுறைதான் என்று அண்ணல் அம்பேத்கர் 1916இலேயே விளக்கினார். தன் உடலை அறிந்த பெண் தன் துணையையும் தானே தேர்ந்தெடுத்துவிடுவாளோ என்பதுதான் இவர்களின் பயம்.

2007இல் ஒன்றிய அரசு வெளியிட்ட ஆய்வில், விசாரிக்கப்பட்ட குழந்தைகளில் 53 சதவீதம் பேர் பாலியல் அத்துமீறலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அத்துமீறியவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள். அதே ஆண்டில்தான் மகாராஷ்டிரா, கர்நாடகா, மத்தியப் பிரதேச அரசுகள் பண்பாட்டின் பெயரால் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை நிறுத்தின. அத்துமீறுபவர் வீட்டுக்குள்ளேயே இருந்தால், அந்தக் குழந்தை யாரிடம் போய்க் கையெழுத்து வாங்கும்?

இங்கிலாந்தில் பெற்றோர் பிள்ளையைப் பாலியல் கல்வியிலிருந்து விலக்கக் கோரலாம். ஆனால் ஏறத்தாழ 15 வயதிலிருந்து, பிள்ளை விரும்பினால் பள்ளி கற்றுத்தர வேண்டும். அங்கே பிள்ளைக்கும் ஒரு குரல் இருக்கிறது.

பெற்றோரைக் கூட்டி வைத்துப் பேசுவோம், பாடத்தைக் காட்டுவோம். தடுக்கும் அதிகாரத்தை மட்டும் கொடுக்க வேண்டாம்.

ஜெய்பீம்!