பாட்டி அனுப்பிய பென்சில் பாதங்கள்
(நம் சங்கத்தின் மூத்தோர் மாலைக் கூட்டத்தில் பேசியது)

செயலாளர் ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்து பழகியவன் நான். நேரத்துக்கு ஷட்டரை இறக்கிவிடுவேன், பயப்பட வேண்டாம்.

என் அம்மாவின் அம்மாவைப் பற்றிப் பேசப் போகிறேன். 1941 ஆவணியில் மயிலாப்பூரில் கல்யாணம். பாட்டிக்குப் பதினாறு வயது. தாத்தா டைப்ரைட்டிங் பாஸ் செய்தவர். வேறு வேலை கிடைக்காமல் ராணுவத்தில் கிளார்க்காகச் சேர்ந்தார். பொங்கல் முடிந்த கையோடு கிளம்பிப் போனவர், திரும்பி வந்தது 1946-ல்.

1942 ஏப்ரல் 5-ம் தேதி கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். அடுத்தது மெட்ராஸ்தான் என்று ஊரே காலியானது. ஹைகோர்ட் கோயம்புத்தூருக்குப் போனது. மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சிசாலையில் புலி, சிங்கங்களைச் சுட்டுக் கொன்றார்கள். கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடுமே என்று. பாட்டி குண்டைப் பற்றிச் சொன்னதைவிட அந்த வாயில்லா ஜீவன்களைப் பற்றிச் சொன்னதுதான் அதிகம். வயிற்றில் பிள்ளையோடு எழும்பூரில் ரயில் ஏறி, ட்ரங்குப் பெட்டி மேலேயே உட்கார்ந்து கும்பகோணம் போய்ச் சேர்ந்தார். அம்மா அங்கேதான் பிறந்தார்.

தாத்தா மணிப்பூர் பக்கம் இருந்தார் என்பது பிறகுதான் தெரியும். கடிதத்தில் ஊர்ப் பெயர் இருந்தால் சென்சார்காரர்கள் மை பூசி அழித்துவிடுவார்கள். யாரோ பிரித்துப் படிக்கும் கடிதத்தில் பெண்டாட்டி என்ன எழுதுவாள்? "சௌக்கியம், சௌக்கியமா?" அவ்வளவுதான். அதனால் பாட்டி ஒரு காரியம் செய்தார். குழந்தையின் பாதத்தைக் காகிதத்தில் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பினார். வருஷத்துக்கு ஒன்று. அதில் அழிப்பதற்கு என்ன இருக்கிறது?

தாத்தா வீட்டுக்குள் வந்தபோது, அம்மா கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு "யாரோ ஒரு மாமா வந்திருக்கார்" என்றாராம். அவர் ஒன்றும் பேசாமல் பையிலிருந்து காகிதங்களை எடுத்துத் தரையில் வரிசையாகப் பரப்பி, "கடைசியில் இருப்பதில் காலை வைம்மா" என்றார். கால் அதைவிடப் பெரிதாக இருந்தது. அந்த மனிதர் அழுது பார்த்தது அன்று ஒரு நாள்தான் என்பார் பாட்டி.

தாத்தா போரைப் பற்றி வாயே திறந்ததில்லை. நந்தம்பாக்கத்தில் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறதே, அந்த வழியாகப் பேருந்து போகும்போது இருவரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

இப்போது நான் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பாட்டி காலமான பிறகு, பழைய வீட்டை இடித்து ஃபிளாட் கட்டக் கொடுத்தோம். காலி செய்யும் அவசரத்தில் அந்த ட்ரங்குப் பெட்டியை, திறந்துகூடப் பார்க்காமல் பழைய பேப்பர்காரரிடம் போட்டவன் நான்தான். பழைய வவுச்சர்களைத் தேதிவாரியாகக் கட்டி வைத்துச் சம்பளம் வாங்கியவன்! தராசில் வைத்துப் பணமும் வாங்கிக்கொண்டேன். அம்மா இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை.

போன மாதம் பாட்டியின் தபால் ஆபீஸ் பாஸ்புக்கின் அட்டைக்குள் நான்காக மடித்த ஒரு காகிதம் கிடைத்தது. சின்னப் பாதம். ஓரத்தில் "1944" என்று பாட்டியின் கையெழுத்து. அம்மாவிடம் கொடுத்தேன். வெகுநேரம் மடியிலேயே வைத்திருந்தார்.

பி பிளாக்கில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் வாருங்கள். அம்மா அப்போதுதான் தூங்கி எழுந்திருப்பார்.